பழனி மலைச் சாலைகளில் ஊர்தி உயர்த்தலும் டயர் தேர்வும்

தொங்கலமைப்பு உயர்த்தல் என்பது, ஓர் ஊர்தியின் அச்சுகளுக்கும் சட்டகத்திற்கும் இடையிலுள்ள தொலைவை, வில்களையும் அவற்றைச் சார்ந்த உறுப்புகளையும் மாற்றிக் கூட்டுவதாகும். கரடுமுரடான வழிகளில் செல்லும் ஜீப்பு போன்ற நாற்சக்கர இயக்க ஊர்திகளில் இம்மாற்றம் செய்யப்படுகிறது. பெரும்பாலும் இதனுடன் பெரிய டயர்களும் பொருத்தப்படுகின்றன. இவ்விரண்டும் ஊர்தியின் தரை இடைவெளியைக் கூட்டினாலும் அதன் ஈர்ப்பு மையம், தடுக்கும் திறன், திருப்பும் தன்மை ஆகியவற்றையும் மாற்றிவிடுகின்றன. தமிழ்நாட்டின் பழனி மலைத் தொடரில் செங்குத்தான மலைச்சாலையும் சேற்றுத் தடமும் ஒரே பயணத்தில் எதிர்ப்படுவதால், இம்மாற்றங்களின் நன்மை தீமைகளை விளங்கிக்கொள்ள அப்பகுதி நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

நிலமும் சாலைகளும்

பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு நோக்கிய கிளை ஆகும். இதன் பெரும்பகுதி திண்டுக்கல் மாவட்டத்திலும் ஒரு பகுதி தேனி மாவட்டத்திலும் அமைந்துள்ளது. கிழக்கே தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை முதலிய ஊர்களைக் கொண்ட தாழ்பழனியில் காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை ஆகியன பயிராகின்றன. மேற்கே மேற்பழனியில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் உள்ளது. அதற்கும் அப்பால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்களில் வெள்ளைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் ஆகியன விளைகின்றன.

கொடைக்கானல் 1845 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கிறித்தவ மறைப்பணியாளர்களால் மலை வாழிடமாக நிறுவப்பட்டது. தொடக்கத்தில் பெரியகுளம் பக்கமிருந்து செல்லும் ஒற்றையடி மலைவழியே பயன்பட்டது. நடக்க இயலாதோர் ஆட்கள் சுமக்கும் நாற்காலிகளில் ஏறிச் சென்றனர். வத்தலக்குண்டிலிருந்து செல்லும் மலைச்சாலை, அதைத் திட்டமிட்ட படை அதிகாரியின் பெயரால் லா மலைச்சாலை என அழைக்கப்படுகிறது. பழனியிலிருந்து வரும் சாலை பெருமாள்மலையில் இதனுடன் இணைகிறது. பேரிஜம் ஏரி வழியாகக் கொடைக்கானலை மூணாற்றுடன் இணைத்த பழைய சாலை 1990 இல் போக்குவரத்துக்கு மூடப்பட்டது.

ஓட்டுநரின் நோக்கில் இப்பகுதியின் வழிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்:

- கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த தார்ச்சாலைகள். பயணத்தின் பெரும்பகுதி இவற்றிலேயே கழிகிறது.
- சிற்றூர்களுக்குச் செல்லும், தார் பெயர்ந்து குழி விழுந்த குறுகிய சாலைகள்.
- தோட்டங்களுக்குள் செல்லும் மண் தடங்களும் கற்கள் துருத்திய ஏற்றங்களும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவை வழுக்கும் களிமண்ணாக மாறுகின்றன.

தோட்டத் தடங்களில் நெடுங்காலமாக ஜீப்புகளே விளைபொருளையும் ஆட்களையும் ஏற்றிச் செல்கின்றன. மகிந்திரா நிறுவனம் 1947 இல் வில்லிசு ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. முன்னும் பின்னும் திட அச்சும் பட்டைவில்லும் கொண்ட அவ்வகை ஊர்தி, சிற்றூர்ப் பட்டறையிலேயே பழுதுபார்க்கத் தக்கதாக இருந்தது.

தொங்கலமைப்பின் உறுப்புகள்

தொங்கலமைப்புக்கு இரண்டு பணிகள் உண்டு. ஒன்று, சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது அந்த அசைவு உடற்பகுதிக்குச் செல்லாமல் குறைப்பது. மற்றொன்று, சக்கரத்தைத் தரையோடு இடைவிடாது தொடர்பில் வைத்திருப்பது. தரையைத் தொடாத சக்கரத்தால் இழுக்கவோ, திருப்பவோ, நிறுத்தவோ இயலாது என்பதால் இரண்டாவது பணியே முதன்மையானது.

வில் ஊர்தியின் எடையைத் தாங்குகிறது. இதில் பட்டைவில், சுருள்வில், முறுக்குத்தண்டு ஆகிய வகைகள் உள்ளன. 2010 இல் வெளிவந்த மகிந்திரா தார் ஊர்தியில் முன்புறம் முறுக்குத்தண்டும் பின்புறம் பட்டைவில்லும் இருந்தன. 2020 இல் வந்த இரண்டாம் தலைமுறைத் தாரில் நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில் அமைந்தது. மாருதி ஜிப்சியில் நான்கு சக்கரங்களுக்கும் பட்டைவில் இருந்தது. 2023 இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஜிம்னியில் திட அச்சுகள் சுருள்வில்களின் மேல் அமைந்துள்ளன.

வில் மட்டும் இருந்தால், ஒரு குழியில் விழுந்த ஊர்தி பலமுறை குதித்துக்கொண்டே செல்லும். அந்தக் குதிப்பை அடக்குவது அதிர்வுத் தணிப்பி ஆகும். பணிமனைகளில் இது சாக்கப்சர் என வழங்கும். இதனுள் எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பாய்வதால் அசைவாற்றல் வெப்பமாக மாறுகிறது. குழிச்சாலையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் சூடேறி நுரைத்துத் தணிக்கும் திறன் குறையும். அழுத்தம் ஏற்றிய வளிமம் கொண்ட தணிப்பிகளில் இந்நுரைத்தல் குறைவு.

உயர்த்தும் முறைகள்

- வில் மாற்றம்: நீளமான அல்லது விறைப்பான வில்லைப் பொருத்துதல். நன்கு வடிவமைத்த தொகுதிகளில் வில்லுக்கு ஏற்ற நீளமுடைய தணிப்பிகளும் சேர்ந்தே வரும்.
- பட்டை சேர்த்தல்: பட்டைவில் கட்டில் மேலும் ஒரு பட்டையைச் சேர்த்தல். உயரத்துடன் விறைப்பும் கூடுவதால், சுமையில்லாதபோது ஊர்தி கடுமையாகக் குலுங்கும்.
- இடைவளையம்: சுருள்வில்லுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே வளையம் வைத்தல். செலவு குறைவு. ஆனால் தணிப்பியின் நீளம் மாறாவிட்டால் சக்கரம் கீழிறங்கும் தொலைவு குறைந்துவிடும். பள்ளத்தில் சக்கரம் விரைவாக அந்தரத்தில் தொங்கும். எதற்காக உயர்த்தப்பட்டதோ அந்நோக்கமே இதனால் கெடுகிறது.
- உடல் உயர்த்தல்: சட்டகத்திற்கும் உடற்பகுதிக்கும் இடையே கட்டைகளை வைத்தல். இது தொங்கலமைப்பைத் தொடுவதில்லை. பெரிய டயருக்கு இடம் கிடைக்குமே தவிர, சட்டகத்தின் அடிப்பகுதி ஒரு மில்லிமீட்டரும் உயராது.

வில்லை மட்டும் மாற்றி நிறுத்திவிட இயலாது. சக்கரம் கீழிறங்கும்போது பிரேக்குக் குழாய் இழுபடாத நீளத்தில் இருக்க வேண்டும். இயக்கத் தண்டின் மூட்டுகள் கூடுதல் கோணத்தில் சுழல்வதால் விரைவில் தேயும். முன் அச்சின் சாய்கோணம் குறைந்தால், வளைவில் திருப்பிய சுக்கான் தானாக நேர்நிலைக்குத் திரும்பும் தன்மை குன்றும். அடுத்தடுத்து கொண்டை ஊசி வளைவுகள் வரும் சாலையில் இக்குறையை ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் உணர்வார். ஆகவே உயர்த்திய பின் சக்கரக் கோணங்களைச் சரிபார்ப்பது கட்டாயமாகும். முகப்பு விளக்குகளையும் தாழ்த்தி அமைக்க வேண்டும். மேல்நோக்கிய ஒளி பனிமூட்டத்தில் பட்டுத் திரும்பி ஓட்டுநரின் கண்ணையே கூசச் செய்வதுடன் எதிரே வருபவரையும் குருடாக்கும்.

தரை இடைவெளி: வில்லா, டயரா?

தரை இடைவெளி ஊர்தியின் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து அளக்கப்படுகிறது. திட அச்சு ஊர்திகளில் அப்புள்ளி பெரும்பாலும் அச்சின் நடுவே பருத்துள்ள, டிபரன்சியல் என வழங்கும் வேறுபாட்டுப் பல்லிணைப் பெட்டி ஆகும். இப்பெட்டி அச்சோடு இணைந்தது. அச்சு சக்கரத்தோடு இணைந்தது. எனவே வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் இப்பெட்டியின் உயரம் மாறாது. தடத்தின் நடுவே துருத்தும் கல் முன்பு இடித்த இடத்திலேயே மீண்டும் இடிக்கும். அதை உயர்த்தவல்லது டயரின் விட்டம் மட்டுமே.

வில்லை உயர்த்துவதால் கிடைப்பது வேறு. சட்டகம், எண்ணெய்த் தொட்டி, முன்பின் முனைகள் ஆகியன மேலே செல்வதால் ஏற்றத்தை அணுகும் கோணம், மேட்டைக் கடக்கும் கோணம், இறங்கி விலகும் கோணம் ஆகிய மூன்றும் கூடுகின்றன. 2020 ஆம் ஆண்டுத் தாரில் தயாரிப்பாளர் அளவின்படியே தரை இடைவெளி 226 மி.மீ., அணுகுகோணம் 41.8 பாகை, விலகுகோணம் 36.8 பாகை ஆகும். பெரும்பாலான தோட்டத் தடங்களுக்கு இவ்வளவுகளே போதுமானவை.

டயரின் அளவும் அதன் விளைவும்

டயரின் பக்கச்சுவரில் 245/75 ஆர்16 111 எசு என்பது போன்ற குறி இருக்கும். 245 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும். ஆர் என்பது ஆரைவகைக் கட்டமைப்பு. 16 என்பது அங்குலத்தில் வட்டின் விட்டம். 111 என்பது ஒரு டயர் 1,090 கிலோகிராம் வரை தாங்கும் என்பதையும், எசு என்பது மணிக்கு 180 கி.மீ. வரையிலான வேகத்துக்கு ஏற்றது என்பதையும் காட்டும். தனியே பொறிக்கப்பட்ட நான்கு இலக்க எண் தயாரிப்புக் காலத்தைத் தெரிவிக்கும். 2319 எனில் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் என்பது பொருள்.

இக்குறியிலிருந்து டயரின் மொத்த விட்டத்தைக் கணக்கிடலாம். வட்டின் விட்டத்தை 25.4 ஆல் பெருக்கி, பக்கச்சுவர் உயரத்தின் இருமடங்கைக் கூட்ட வேண்டும்.

- 245/75 ஆர்16: 774 மி.மீ.
- 265/70 ஆர்16: 777 மி.மீ.
- 255/65 ஆர்18: 789 மி.மீ.
- 265/75 ஆர்16: 804 மி.மீ.
- 285/75 ஆர்16: 834 மி.மீ.

245/75 ஆர்16, 255/65 ஆர்18 ஆகிய இரண்டும் 2020 ஆம் ஆண்டுத் தாரின் வெவ்வேறு பதிப்புகளில் தயாரிப்பாளரே பொருத்திய அளவுகள். முதல் அளவிலிருந்து 285/75 ஆர்16 அளவுக்கு மாறினால் விட்டம் 60 மி.மீ. கூடுகிறது. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதியான 30 மி.மீ. மட்டுமே. அதற்கு ஈடாக நிகழும் மாற்றங்கள் பின்வருமாறு:

- வேகமானி ஏறத்தாழ 8 விழுக்காடு குறைத்துக் காட்டும். அது 60 எனக் காட்டும்போது உண்மை வேகம் 65ஐ நெருங்கும்.
- அதே பல்லிணையில் தரையில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ 7 விழுக்காடு குறையும்.
- இறக்கத்தில் பொறி தரும் தடுப்பும் அதே அளவு குறையும்.
- பிரேக்கை அதே விசையில் மிதித்தாலும் தரையில் கிடைக்கும் தடுவிசை குறையும்.
- சுக்கானை முழுதாகத் திருப்பும்போது டயர் உட்புறம் உரசலாம். உரசாமலிருக்கத் திருப்பத்தைக் குறைத்தால் கொண்டை ஊசி வளைவை ஒரே மூச்சில் கடக்க இயலாது போகும்.

2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவு. சுழலி அமுக்கி இல்லாத பெட்ரோல் பொறியின் ஆற்றல் அங்கு இயல்பாகவே குறைந்திருக்கும். அத்தகைய ஊர்தியில் பெரிய டயரைப் பொருத்தினால் இழப்பு இருமடியாக உணரப்படும்.

டயரின் வகைகள்

- நெடுஞ்சாலை டயர்: நெருக்கமான வரிப்பள்ளங்கள் கொண்டது. ஈரத் தார்ச்சாலையில் நன்கு பற்றும். சேறு விரைவில் பள்ளங்களை அடைத்துவிடும்.
- அனைத்துநில டயர்: பாளங்கள் பெரியவை, இடைவெளி நடுத்தரமானது. தார்ச்சாலையில் சிறிதளவு பிடிப்பை விட்டுக்கொடுத்து மண்ணிலும் கல்லிலும் பிடிப்பைப் பெறுகிறது.
- சேற்று டயர்: பெரிய பாளங்களும் அகன்ற இடைவெளிகளும் கொண்டது. சுழலும்போது சேற்றை வெளியே எறிந்து தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளும். தரையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைவாதலால் ஈரத் தார்ச்சாலையில் வழுக்கும் வாய்ப்பு மிகுதி. எடையும் இரைச்சலும் கூடுதல்.

கொடைக்கானல் செல்லும் ஊர்தி நூறு கிலோமீட்டர் ஓடினால் அதில் சேற்றுத் தடம் சில கிலோமீட்டராகவே இருக்கும். மழையும் பனிமூட்டமும் சேர்ந்து நனைத்த தார்ச்சாலையே மீதி. சேற்றில் சிக்கினால் நேரம் வீணாகும். ஈரமான வளைவில் வழுக்கினால் உயிர் போகும். எனவே அன்றாடம் சேற்றில் உழலும் தோட்ட ஊர்திகள் நீங்கலாக, மற்றவற்றுக்கு அனைத்துநில டயரே பொருத்தமானது. எவ்வகையாயினும் வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்த டயரைப் பயன்படுத்த இந்திய விதிகள் இடமளிப்பதில்லை. மழைச்சாலையில் அவ்வெல்லைக்கு முன்பே மாற்றுவது நன்று.

காற்றழுத்தம்

மண்தடத்தில் டயரின் அழுத்தத்தைக் குறைத்தால் அதன் தொடுபரப்பு நீண்டு, பிடிப்பு கூடும். கற்களின் மேல் டயர் நெகிழ்ந்து செல்வதால் குலுக்கலும் குறையும். 32 பிஎஸ்ஐ அழுத்தத்தை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து மெதுவாகச் செல்வது, செலவின்றிக் கிடைக்கும் மேம்பாடு ஆகும். பல வேளைகளில் இதுவே புதிய வில்களைவிடக் கூடுதல் பயன் தரும். ஆனால் தார்ச்சாலைக்குத் திரும்புமுன் காற்றை மீண்டும் நிரப்ப வேண்டும். அழுத்தம் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கலாம், வளைவில் வட்டைவிட்டுக் கழலலாம். கையடக்கக் காற்றுநிரப்பியும் அழுத்தமானியும் இல்லாமல் அழுத்தத்தைக் குறைக்கலாகாது.

மலை ஏறும்போது வளிமண்டல அழுத்தம் குறைவதால் அழுத்தமானி கூடுதலாகக் காட்டும் என்பது உண்மையே. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறினால் இவ்வேறுபாடு 3 பிஎஸ்ஐயை நெருங்கும். ஆனால் மேலே குளிர் மிகுதி. 32 பாகை செல்சியசிலிருந்து 18 பாகைக்கு வெப்பநிலை இறங்கினால் டயரின் அழுத்தம் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ குறையும். இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்வதால், ஏற்றத்திற்கெனத் தனியே காற்றை மாற்றத் தேவையில்லை.

கவிழும் தன்மை

ஓர் ஊர்தி பக்கவாட்டில் கவிழாது நிற்கும் திறனை, சக்கரங்களின் இடையகலத்தை ஈர்ப்பு மைய உயரத்தின் இருமடங்கால் வகுத்துப் பெறும் எண்ணால் அளவிடலாம். இது நிலையியல் உறுதி எண் எனப்படும். ஐக்கிய அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 இல் தொடங்கிய கவிழ்தல் தரமதிப்பீட்டில் இவ்வெண்ணைப் பயன்படுத்தியது.

எடுத்துக்காட்டாக, இடையகலம் 1.50 மீட்டரும் ஈர்ப்பு மைய உயரம் 0.70 மீட்டரும் கொண்ட ஊர்தியின் எண் 1.07 ஆகும். 2 அங்குல வில் உயர்த்தலும் மேற்கூறிய பெரிய டயரும் சேர்ந்து ஈர்ப்பு மையத்தை 0.77 மீட்டருக்கு உயர்த்தினால், இவ்வெண் 0.97 ஆகக் குறைகிறது. அதாவது, புவியீர்ப்பைவிடக் கூடுதலான பக்கவிசையைத் தாங்கிய ஊர்தி இப்போது அதற்கும் குறைவான விசையிலேயே கவிழக்கூடும். உண்மையில் வில்களின் சாய்வும் சாலையின் சரிவும் இவ்வெல்லையை மேலும் குறைக்கும். கூரையின்மேல் மூட்டைகளை ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இறக்கத்தின் ஆற்றல்

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் ஊர்தி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தை இழக்கிறது. ஆட்களும் பொருளும் சேர்ந்து 2,000 கிலோகிராம் எடையுள்ள ஊர்தி இவ்வாறு இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 35 மெகாசூல் ஆகும். இது 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இவ்வாற்றலை முழுவதும் பிரேக்கே வெப்பமாக மாற்ற நேர்ந்தால், பிரேக்குக் கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதனால்தான் ஏறிய பல்லிணையிலேயே இறங்க வேண்டும் என்பது மலைச்சாலை ஓட்டுநர்களின் மரபாக உள்ளது. பொறியின் தடுப்பைக் குறைத்து, பிரேக்கின் சுமையைக் கூட்டும் பெரிய டயர் இம்மரபுக்கு எதிராகச் செயல்படுகிறது.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக ஊர்தியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டத்தையோ ஆறு மாதம் வரை சிறையையோ அல்லது இரண்டையுமோ விதிக்க வகைசெய்தது. விபத்துக்குப்பின் காப்பீட்டு இழப்பீடு கோரும்போதும் இம்மாற்றம் தடையாகலாம். தயாரிப்பாளர் அவ்வகை ஊர்திக்கு ஏற்பளித்த டயர் அளவுகளுக்குள் நிற்பதே பாதுகாப்பானது.

தேர்வு வரிசை

மேற்கூறியவற்றிலிருந்து, பழனி மலைப் பகுதிக்கான தேர்வைப் பின்வரும் வரிசையில் அமைக்கலாம்:

1. ஊர்தி உண்மையில் செல்லும் வழிகளையும் ஏற்றும் சுமையையும் கணக்கிடுதல்.
2. இருக்கும் டயர், பிரேக்கு, தணிப்பி ஆகியவற்றைப் பழுதின்றி வைத்தல்.
3. ஏற்பளித்த அளவிலேயே நல்ல அனைத்துநில டயர்களைப் பொருத்துதல். மாற்றுச் சக்கரத்தையும் அதே அளவில் வைத்திருத்தல். நாற்சக்கர இயக்கத்தில் வெவ்வேறு விட்டமுள்ள டயர்கள் பல்லிணைகளைச் சிதைக்கும்.
4. அழுத்தமானியும் காற்றுநிரப்பியும் வாங்குதல்.
5. தேய்ந்த தணிப்பிகளுக்குப் பதிலாகத் தரமானவற்றைப் பொருத்துதல்.
6. இவற்றுக்குப் பின்னும் அடிப்பகுதி இடித்தால், அடித்தகடு காப்பு பொருத்துவதை முதலில் ஆராய்தல். உயர்த்தலை, சட்டம் இடமளிக்கும் எல்லைக்குள், இறுதி வழியாகவே கருதுதல்.

சுற்றுச்சூழல்

பழனி மலையின் மேற்பகுதியில் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. புல்வெளியின் மண் மழைநீரை உறிஞ்சிவைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகிறது. அதன்மேல் ஒரு சக்கரத்தடம் பதிந்தால் மண் இறுகும், அடுத்த மழையில் அத்தடமே வாய்க்காலாகி அரிப்பைத் தொடங்கிவைக்கும். 2013 இல் கொடைக்கானல் காட்டுயிர் புகலிடம் அறிவிக்கப்பட்டது. பேரிஜம் போன்ற காட்டுப்பகுதிகளுக்குச் செல்ல வனத்துறையின் இசைவு தேவை. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் ஊர்திகளுக்கு இணையவழி அனுமதிச்சீட்டு முறையும் நடைமுறைக்கு வந்தது.

2018 நவம்பரில் கசா புயல் வீசியபோது இம்மலையில் மரங்கள் சாய்ந்தும் மண் சரிந்தும் பல சாலைகள் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாட்களில் மலையூர்களுக்கு நாற்சக்கர இயக்க ஊர்தியின் தேவை மிகுதி. அந்நாட்களில் அது நம்பத்தக்கதாக இருப்பதற்கு அதன் உயரத்தைவிடப் பழுதற்ற பிரேக்கும், தேயாத டயரும், வழியறிந்த ஓட்டுநருமே முதன்மைக் காரணிகளாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- கொடைக்கானல்
- பழனி மலை
- சோலைக்காடு
- நாற்சக்கர இயக்கம்
- ஈர்ப்பு மையம்